நுனி ஆடும் கம்பு

ஜூலை 13, ஞாயிறு

வந்த இரண்டு மாதமாக இந்த ஊர்க் கடலைக் குறை சொல்லிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் இன்று வாயடைத்து நின்றார். தூத்துக்குடிக்காரருக்கு வாஷிங்டன் மாநிலத்துக் கடல் ஒரு கடலாகவே தெரிவதில்லை. "அலை இல்ல, கவிச்சி இல்ல, குளிரு மட்டும் இருக்கு. இது கடலா, பிரிட்ஜா?" என்பார்.

ஆராதனை முடிந்ததும் மகள் பிரின்சியும் மருமகன் ஆல்வினும் எங்களைக் கடற்கரையில் இறக்கிவிட்டுக் காய்கறி வாங்கப் போனார்கள். அங்கே முழங்காலளவு தண்ணீரில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். தூண்டில் கம்பை ஒரு வீசு வீசினார், ரீலைச் சுற்றினார், இரண்டடி நீளத்துக்கு வெள்ளியாய் ஒரு மீனை இழுத்துக் கரையில் போட்டார். படகு இல்லை, வலை இல்லை. கூலிங்கிளாஸ் கூடக் கழற்றவில்லை.

"கரையில நின்னேவா?" என்றார் இவர். இரண்டு தடவை சொன்னார்.

பெரியவர் பெயர் வால்ட். நான் பேச்சுக் கொடுத்தேன். ரோஸ் சால்மன் என்று ஒரு ஜாதி இருக்கிறதாம், ஒற்றைப்படை வருஷங்களில் மட்டும் கூட்டமாக இந்தக் கரையோரம் வருமாம். ஆகஸ்ட் முழுக்க வரும், செப்டம்பர் பிறந்தால் ஆற்றுக்குள் போய்விடும். எங்களுக்கு விமானம் செப்டம்பர் 7. இந்த வருஷம் விட்டால் அடுத்தது இரண்டு வருஷம் கழித்து.

காரில் வரும்போது என் காதோரம், "சீலி, எனக்கு ஒண்ணே ஒண்ணு பிடிக்கணும்ட்டி" என்றார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் இந்த மனிதர் எனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. சரி என்றேன். ஒரு வாரத்தில் மறந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

ஜூலை 16, புதன்

மறக்கவில்லை. நோட்டுப் போட்டுவிட்டார்.

நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்தவருக்கு எதையும் கட்டம் போடாமல் யோசிக்க வராது. கம்பின் நீளம், கம்பின் விறைப்பு, ரீலின் அளவு எண், தூண்டில் நரம்பின் தடிமன் என்று நான்கு பத்தி. காலையில் காபி குடித்ததிலிருந்து கணினியில் ஒவ்வொரு கம்பாகப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். எனக்குப் பெண் பார்க்க வந்தபோது கூட இவ்வளவு விசாரித்திருக்கமாட்டார்.

எழுத்துதான் பொடியாகிக்கொண்டே போகிறது. பக்கத்தின் மேலே கடலை அளவு, கீழே கடுகு அளவு. இவருடைய கையெழுத்தைப் பார்த்து அச்சடித்ததா என்று தாசில்தார் கேட்ட காலம் உண்டு. பேனா சரியில்லை என்கிறார். இது நாலாவது பேனா.

ஜூலை 18, வெள்ளி

ரீல் மூவாயிரமா, நாலாயிரமா என்ற விவாதத்தில் குழம்பு ஆறிப்போனது.

ஜூலை 20, ஞாயிறு

ஆல்வின் எங்கள் இரண்டு பேருக்கும் மீன்பிடி லைசென்ஸ் எடுத்துவிட்டான். எனக்கெதற்கு என்றால், "அத்தை, உங்களுக்கும் இருக்கட்டும். மாமா பக்கத்துல சும்மாவா நிப்பீங்க?" என்கிறான். நல்ல பிள்ளை.

பிரின்சி கேட்டாள், "அப்பா ஏம்மா சட்டையே போடமாட்டேங்கறாங்க? சர்ச்சுக்குக் கூட டீ-சர்ட்டா?" குளிருக்கு அதுதான் இதம் என்று சொன்னேன். இவர் காபியை அரை டம்ளர் ஊற்றினால் போதும் என்கிறார், அதையும் இரண்டு தடவையாகக் கேட்கிறார். அதைப் பிரின்சி இன்னும் கவனிக்கவில்லை.

துணி துவைத்தேன். இங்கே வெயிலில் காயப்போட வழியில்லை என்பது ஒன்றுதான் எனக்கு இந்த நாட்டின்மேல் கோபம்.

ஜூலை 26, சனி

தூண்டில் கடைக்குப் போனோம். பெரிய கடை. நட்டுவைத்த மூங்கில் தோப்புப்போல் கம்புகள். கடைக்காரி கேரலுக்கு என் வயதிருக்கும், விறுவிறுவென்று பேசுகிறாள். எந்தக் கரை, எந்த மீன் என்று இரண்டு கேள்விதான் கேட்டாள்.

"எட்டரை அடிக் கம்பு, லேசானது, நுனி துடியாக இருக்கவேண்டும். மூவாயிரம் ரீல். மெல்லிய பின்னல் நரம்பு. நீங்கள் பிடிக்கப்போவது நாலு பவுண்டு மீன், திமிங்கிலம் இல்லை" என்றாள்.

இவர் நோட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டதும் அதேதான். எட்டரை, மூவாயிரம். பத்து நாள் பார்த்த பாடு ஒரு நிமிஷத்தில் சரியென்று ஆனதில் முகம் மலர்ந்துவிட்டது. கம்பை வாங்கி நீட்டிப் பிடித்தார்.

நுனி ஆடியது.

கடைக்குள் காற்றில்லை. கைப்பிடியில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று எட்டரை அடி கடந்து நுனிக்குப் போகும்போது ஒரு சாண் ஆகிவிடுகிறது. ஆல்வின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேரல் நுனியைப் பார்த்தாள், பிறகு சட்டென்று கல்லாப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்லவள்.

"இது சரிப்படாது. ஈர்க்குச்சி மாதிரி இருக்கு" என்று திருப்பி வைத்துவிட்டார். நேரே கடைக்கோடிக்குப் போய்ப் பதினோரு அடிக் கம்பு ஒன்றை எடுத்தார். அலையடிக்கிற பெருங்கடலுக்கு உள்ளது, அதற்கு எட்டாயிரம் ரீல். அது ஆடவில்லை. யார் பிடித்தாலும் ஆடாது, கொடிக்கம்பம்.

"மாமா, நோட்டுல எட்டரைன்னுதான..." என்று ஆல்வின் ஆரம்பித்தான்.

"கடலுன்னா கடலுக்குத் தக்கன வேணும் மாப்ளே" என்று முடித்துவிட்டார். நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்தே உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 27, ஞாயிறு

எழுதாமல் விடலாம் என்றுதான் நேற்று மூடிவைத்தேன். எழுதிவிடுகிறேன்.

எனக்குத் தெரியும். பிப்ரவரியிலிருந்தே தெரியும். ஒருநாள் காலையில் இவர் பேப்பர் படிக்கும்போது காகிதம் சலசலத்தது. மின்விசிறி என்று நினைத்துப் போய் அணைத்தேன். அணைத்த பிறகும் சலசலத்தது. வலது கை சும்மா இருக்கும்போது நடுங்குகிறது. அன்றிலிருந்து அவர் அதை ஒளிக்கிறார். நான் பார்க்காதவள்போல் இருக்கிறேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, கேளாதவள்போல் இருந்ததற்குத்தான் சம்பளம் வாங்கினேன். பழகிய வேலை.

இவருடைய அண்ணனுக்கு இப்படித்தான் கையில் ஆரம்பித்தது, கட்டிலில் முடிந்தது. கடைசிவரை குளிப்பாட்டிவிட்டது இவர்தான். அதனால்தான் டாக்டர் என்ற பேச்சே எடுக்கவிடமாட்டார். நானும் எடுக்கவில்லை. எனக்குப் பயம். கேட்டுவிட்டால் அது நிஜமாகிவிடும், கேட்காதவரை அது வெறும் மின்விசிறி.

ஆனால் அந்த எட்டரை அடிக் கம்பை அவர் திருப்பி வைத்த விதம் எனக்குத் தாங்கவில்லை. ஒரே ஒரு மீன் கேட்டார். அதையும் இந்தக் கை தட்டிப் பறித்தால், ஊருக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். பிறகு எழுப்ப என்னால் ஆகாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கொடிக்கம்பத்தோடு முதல் நாள். சிரிக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு போனேன், முடியவில்லை.

ரோஸ் சால்மன் வந்துவிட்டது. பதினைந்து இருபது பேர் வரிசையாய் நிற்கிறார்கள். எல்லார் கையிலும் லேசான கம்பு, நரம்பின் முனையில் கட்டைவிரல் அளவு ஈயத்தலையும் ரோஸ் வாலும் உள்ள பொய்யிரை. ஜிக் என்கிறார்கள். இவருடைய கம்புக்கு அந்த ஜிக் எறும்பு கனம். வீசினால் காலடியில் விழுகிறது. சரியென்று பெரிய ஈயக்குண்டைக் கட்டி வீசினார். தொபுக்கென்று விழுந்த சத்தத்தில் அக்கம்பக்கத்தில் துள்ளிக்கொண்டிருந்த மீனெல்லாம் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் நாசூக்காய்ப் பத்தடி தள்ளிப் போனார்கள்.

வால்ட் மட்டும் வந்து கைகொடுத்தார். "இதை வைத்து நீங்கள் சுறாதான் பிடிக்கவேண்டும், டுரே" என்றார். ஞானதுரை அவர் வாயில் டுரே ஆகிவிட்டது.

இந்தக் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. யாருக்காவது மீன் மாட்டினால் அவர் 'மீன்!' என்று கத்தவேண்டும், உடனே அக்கம்பக்கத்தார் தங்கள் நரம்பைச் சுற்றி எடுத்து வழிவிடவேண்டும். இன்று ஏழு தடவை கத்தினார்கள். ஏழு தடவையும் இவர் மரியாதையாய்ச் சுற்றி எடுத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து கம்பையும் ரீலையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தேன். உப்பு நின்றால் ரீல் இறுகிப்போகுமாம். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன், பிடித்திருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

இவருக்குத் தோள்வலி. தைலம் தேய்த்தேன். என் கைக்கு அடியில் அவர் கை ஆடிக்கொண்டே இருந்தது, இருவரும் பருவமழையைப் பற்றிப் பேசினோம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

"இனி போகவேண்டாம்னு பாக்குதேன். இந்த வருஷம் மீன் சரியில்ல" என்கிறார். வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் பை நிறையக் கொண்டுபோகிறார்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று ஒரு காரியம் செய்தேன். பிரின்சியிடம் கறிவேப்பிலை வாங்கவேண்டும் என்று சொல்லிக் காரில் ஏறி, கேரல் கடையில் நிறுத்தச் சொன்னேன்.

"உங்களுக்காம்மா? நெஜமாவா?"

"ஏன், ஆம்பளைக்கு மட்டுந்தான் சால்மன் மாட்டுமோ?"

கேரல் ஒன்றும் கேட்கவில்லை. அதே எட்டரை அடிக் கம்பை எடுத்துவந்து மூவாயிரம் ரீலை மாட்டினாள். நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். என் கையில் நுனி அசையாமல் நின்றது. அதைப் பார்க்க எனக்கு ஏனோ சந்தோஷமாக இல்லை.

நரம்பு சுற்றும்போது கேரல் முதலில் கொஞ்சம் நைலான் தங்கூசி நரம்பைச் சுற்றி, அதன்மேல் பின்னல் நரம்பைச் சுற்றினாள். இல்லாவிட்டால் பின்னல் வழுக்கிக்கொண்டு உருளுமாம். "அடியில் பிடிமானம் வேண்டும், தேனே" என்றாள். முன்பின் தெரியாதவளைத் தேனே என்று கூப்பிடுகிற ஊர்.

கறிவேப்பிலையை மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

எதிர்பார்த்தபடியே ஆயிற்று. கம்பைப் பார்த்து முதலில் முறைத்தார். பிறகு நான் ரீலைத் தலைகீழாய்ப் பிடித்ததைப் பார்த்தார். வரைவாளருக்குப் பொறுக்குமா?

"ஏட்டி, ரீலு கீழ வரணும். வலக்கையில கம்பு, இடக்கையில சுத்து. விரல்ல நரம்பப் பிடி. வீசும்போது விடு."

கொல்லைப் புல்வெளியில் ஒரு மணி நேரம் பாடம். நான் விட்ட ஈயக்கட்டி மூன்று தடவை பக்கத்து வீட்டு வேலியில் மாட்டியது. வாயால்தான் சொன்னார், கம்பைத் தொடவில்லை. ஆனால் மூன்று நாளாக இல்லாத குரல் திரும்பிவிட்டது.

ஆகஸ்ட் 16, சனி

காலை ஆறு மணிக்குக் கரையில் இருந்தோம். மருந்துக்குக்கூடக் காற்றில்லை. நான் வீசுவதும் சுற்றுவதுமாக ஒரு மணி நேரம், ஒன்றும் கடிக்கவில்லை. இவர் பக்கத்தில் நின்று, "மெதுவா சுத்து, நடுநடுவுல சுண்டு, அப்பத்தான் அது உசிருள்ளது மாதிரி தெரியும்" என்று நோட்டில் உள்ளதை ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

வீசி முடித்ததும் என் ஸ்கார்ஃப் அவிழ்ந்தது. அதாகவே அவிழ்ந்தது என்று எழுதிவைக்கிறேன்.

"இந்தாங்க, ஒரு நிமிஷம் பிடிங்க."

"தரையில வையி."

"மணலு போச்சுன்னா ரீலு என்னத்துக்கு ஆகும்? நீங்கதான சொன்னீங்க?"

வாங்கிக்கொண்டார். சுற்றும்முற்றும் பார்த்தார். எல்லாரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலது கையில் கம்பு, இடது கையால் மெதுவாய்ச் சுற்றினார். நுனி நடுங்கியது. நரம்பு நடுங்கியது. தெளிந்த தண்ணீரில் ஜிக் கரையை நெருங்கும்போது பார்த்தேன். ஈயத்தலை துடிக்க, ரோஸ் வால் படபடக்க வந்துகொண்டிருந்தது. நான் சுண்டியபோதெல்லாம் செத்த எலிபோல் வந்த ஜிக் அது.

அடுத்த நொடி கம்பு வளைந்தது. இவர் வாயைத் திறந்தபடி நிற்கிறார், கத்தவேண்டும் என்பதே மறந்துவிட்டது. நான் கத்தினேன். டிரங்க் கால் காலத்துக் குரல். எக்ஸ்சேஞ்சில் எல்லா இணைப்பையும் ஒரே நேரத்தில் துண்டித்ததுபோல் இருபுறமும் நரம்புகள் சரசரவென்று சுருண்டன.

ஆனால் இங்கே தூண்டில் முள்ளில் மீனைக் கழலவிடாமல் பிடிக்கிற எதிர்க்கொக்கி இருக்கக்கூடாது என்பது சட்டம். நரம்பு தளர்ந்தால் மீன் கழன்றுவிடும். நான் போட்ட சத்தத்தில் இவர் ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டார். போயிற்று.

திட்டுவார் என்று நின்றேன். சிரித்தார். "பாத்தியாட்டி? என் கையிலதான் கடிச்சுது!"

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆராதனை நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "நாளைக்கு எத்தனை மணிக்கு ஓதம் ஏறுது?" என்று கடல்நீர் ஏறும் நேரம் கேட்கிறார்.

ஆகஸ்ட் 20, புதன்

என் கம்பு இப்போது என்னுடையது இல்லை. நேற்று இரண்டு கடி, இன்று ஒன்று, எல்லாம் கழன்றுவிட்டன. வரிசையில் நிற்காமல் கடைசிக்கும் தள்ளி, பாறைக்கு மறைவில் நிற்கிறார். யாரும் நுனியைப் பார்க்கக்கூடாது. நான் மேலே மரக்கட்டையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிறேன். கொடிக்கம்பத்தை ஆல்வின் கொல்லையில் நட்டுத் தக்காளிக்கு முட்டுக்கொடுத்துவிட்டான்.

ஆகஸ்ட் 23, சனி

பிடித்துவிட்டார்!

ஏழு மணி இருக்கும். ஓதம் ஏறிப் பாறை பக்கம் நிற்க இடமில்லாமல் போய்விட்டது. வேறு வழியில்லாமல் வால்டுக்கு அடுத்து வரிசையில் வந்து நின்றார். மூன்றாவது வீச்சில் கம்பு வளைந்தது. இந்தத் தடவை கத்தினார், தமிழில். "மீனு! மீனு!" எல்லாருக்கும் புரிந்தது, சுற்றி எடுத்துக்கொண்டார்கள். நரம்பு ஒரு நொடிகூடத் தளரவில்லை. பின்னோக்கியே நடந்து வந்து மணலில் இழுத்துப் போட்டார். நாலரைப் பவுண்டு. வெள்ளி உடம்பு, வாலில் கறுப்புப் புள்ளிகள். நான் பின்னலைப் போட்டுவிட்டு ஓடினேன். ஊசி எங்கே போயிற்று என்று இன்னும் தெரியவில்லை.

அரை மணியில் இன்னொன்று. வரிசையில் வேறு யாருக்கும் கடிக்கவில்லை. வால்ட் தன் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"டுரே, நாற்பது வருஷமாக இந்தக் கரையில் நிற்கிறேன். உங்கள் ஜிக் மாதிரி ஒன்று துடித்து நான் பார்த்ததில்லை. அதை எப்படிச் செய்கிறீர்கள்? எனக்குக் காட்டக்கூடாதா?"

இவர் கம்பைப் பார்த்தார். நுனி ஆடிக்கொண்டிருந்தது. கையை ஒளிக்க இடமில்லை, கம்பு கையில் இருக்கிறது. ஏதாவது பொய் சொல்வார் என்று நினைத்தேன், நானே ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன்.

"நான் செய்யவில்லை" என்றார் தன்னுடைய ஆபீஸ் இங்கிலீஷில், ஒவ்வொரு வார்த்தையாக. "என் கை நடுங்குகிறது. நிறுத்த முடியவில்லை."

வால்ட் குனிந்து தன் முழங்காலைத் தட்டினார். பிறகு, "எனக்கு முழங்கால் இரண்டும் இரும்பு. அதை வைத்து ஒரு மீனும் பிடிக்க முடியவில்லை" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். இருமல் வருகிறவரை சிரித்தார்கள்.

ஏழு மாதமாக நான் காத்திருந்த வாக்கியம். முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் சொல்லவில்லை, கடலில் நிற்கிற ஒரு வெள்ளைக்காரரிடம் சொல்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மீனை எடுத்தே அடித்திருப்பேன். அடிக்கவில்லை, அழுதேன். கடல்காற்று கண்ணில் பட்டது என்று எழுத நினைத்தேன். வேண்டாம், அழுதேன்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒனக்குத் தெரியும்லா?" என்றார்.

"பேப்பரு சலசலத்த அன்னைக்கே தெரியும்."

"பெறவு ஏன் கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?"

இரண்டு பேரும் குனிந்து மீனைக் கழுவ ஆரம்பித்தோம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ரோஸ் சால்மன் சதை மெத்தென்று உதிர்கிறது. குழம்புக்கு நிற்காது. நேற்று ராத்திரி மீன்புட்டு வைத்தேன், வெங்காயமும் பச்சை மிளகாயும் தாராளமாய்ப் போட்டு. நம் ஊர்க் காலாமீனிடம் கட்டிவராது, ஆனால் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் கம்பை எடுத்துவந்து மேசைமேல் நீட்டிப் பிடித்தார். "பிரின்சி, நுனியப் பாரும்மா." அவள் பார்த்தாள். முதலில் புரியவில்லை, புரிந்ததும் முகம் போன போக்கை நான் எழுதப்போவதில்லை. "எத்தனை நாளாப்பா?" என்று கேட்டு அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். ஆல்வின் அப்போதே ஊரில் இருக்கிற தன் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டான். திருநெல்வேலியில் நரம்பு டாக்டரிடம் செப்டம்பர் 11 வியாழக்கிழமைக்குச் சொல்லிவைத்தாயிற்று.

அண்ணனைப்போல ஆகிவிடும் என்று பயமா என்று கேட்டேன். ஆமா என்றார். எனக்கும்தான் என்றேன். சொன்ன பிறகு நன்றாகத் தூங்கினோம்.

ஆகஸ்ட் 30, சனி

வால்டோடு நின்று மூன்று மீன் பிடித்தார். வரிசையின் நடுவில் நிற்கிறார் இப்போது.

செப்டம்பர் 7, ஞாயிறு

பெட்டிகள் கட்டியாயிற்று. எட்டரை அடிக் கம்பைத் துடைத்து, ரீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஆல்வினின் கேரேஜ் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். நோட்டை எடுத்துவைப்போம் என்று பிரித்தால், 'ஈர்க்குச்சி' என்று வாய் பேசிய அன்றைக்கும் எட்டரையைச் சுற்றிய சிவப்பு வட்டத்தை இவர் அடிக்கவேயில்லை. அதற்குக் கீழே கடுகு எழுத்தில் புதிதாய் ஒரு வரி: 2027 ஆகஸ்ட், முதல் வாரமே வரவேண்டும்.

டாக்டர் என்ன சொல்வாரோ. தெரியவில்லை. வியாழக்கிழமை தெரியும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டினார். டீ-சர்ட் இல்லை. ஊருக்குத் திரும்பும்போது போடவென்று மே மாதமே கொண்டுவந்து பெட்டிக்கு அடியில் கிடந்த வெள்ளை முழுக்கைச் சட்டை. மாட்டியிருக்கிறார், ஏழு பொத்தானும் திறந்து கிடக்கிறது. என் எதிரில் வந்து நின்று வலது கையை நீட்டினார். அது ஆடிக்கொண்டிருந்தது, அவர் ஒளிக்கவில்லை.

"போட்டு விடுட்டி" என்றார். "மணிக்கட்டுலயிருந்து ஆரம்பி."